குதிரைப் பந்தயத்தில் ஊதாத விசில்

வரும் சனிக்கிழமை நீங்கள் பெங்களூருக்குக் குதிரைப் பந்தய வேலைக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். முதலாளி போன் போட்டு, "மேஸ்திரி, புதுப் பசங்க போறாங்க. கெளம்புறதுக்கு முன்னாடி வந்து நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றார். நான் நாலு வார்த்தையில் நிறுத்துகிற ஆள் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டிருக்கிறார் என்றால் அது உங்கள் தலையெழுத்து. உட்காருங்கள். பின்னாடி நிற்கிற அந்தப் பெண்ணுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

பாரம் தூக்குகிற கலாசிகளுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன் பேச வந்தால் எண்ணூர் அனல் மின் நிலையத்தில் பாய்லர் தூக்கிய கதை, துறைமுகத்தில் கப்பலிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் இறக்கிய கதை என்று எடுத்துவிடுவான், நாம் கொட்டாவியை மறைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்றுதான் நினைத்து வந்திருப்பீர்கள். அந்தக் கதைகளையெல்லாம் திருவொற்றியூர் யார்டு வாசல் டீக்கடையில் தினமும் ஓசியில் கேட்கலாம். இன்று நான் சொல்லப் போவது ஒரு டிவியைத் தூக்கிய கதை. பெரிய டிவிதான், இரும்புச் சட்டத்தோடு சேர்த்து இரண்டு டன் இருக்கும். ஆனாலும் டிவிதானே? நான் தூக்கியதிலேயே லேசான சாமான்களில் அதுவும் ஒன்று. என்னை மிகவும் வேர்க்க வைத்ததும் அதுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால், பெங்களூரில் குதிரைப் பந்தயம் நடக்கிற ஒரு வார இறுதி. பெரிய மனிதர்கள் கோட்டு சூட்டில் வருவார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் தலையில் விதவிதமான தொப்பி வைத்துக்கொண்டு வருவார்கள். யார் தொப்பி அழகு என்று போட்டியெல்லாம் உண்டு. பந்தயத்தை இவர்கள் புல்வெளியில் நின்றபடியே பார்ப்பதற்கு ஒரு ராட்சதத் திரையை கிரேனில் தொங்கவிட வேண்டும். முதலில் ஒப்புக்கொண்ட ஆட்கள் கடைசி நேரத்தில் கைவிட்டுவிட்டார்கள். நம் கிரேன் ஒன்று ஓசூரில் ஒரு தொழிற்சாலை வேலை முடிந்து சும்மா நின்றுகொண்டிருந்தது. முதலாளி விடுவாரா? வெள்ளிக்கிழமை மாலையே எங்கள் மூன்று பேரையும் ரயிலேற்றிவிட்டார்.

மூன்று பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். கிரேன் ஓட்டுவது ரஃபி. புளியந்தோப்புக்காரன், அதிகம் பேச மாட்டான், கை மட்டும் அவ்வளவு பதமானது. கயிறு, கொக்கி, கட்டு எல்லாம் பார்ப்பது டில்லி. நெட்டுக்குப்பம் பையன். அவன் கழுத்தில் அப்போதெல்லாம் ஒரு விசில் தொங்கும். கல்யாண போட்டோவில்கூட மாலைக்கு நடுவே அந்த விசில் தெரியும், போய்ப் பாருங்கள். மூன்றாவது ஆள் நான், ராயபுரம். என் வாய்க்கு யார்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு. பெண் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அதைச் சொல்ல முடியாது. என் வீட்டில் நான் உப்பு கேட்டால் கல்மண்டபம் வரை கேட்கும் என்று என் மனைவியே சொல்வாள்.

ரயிலில் டில்லி வறுத்த வஞ்சிரப் பொட்டலத்தைப் பிரித்தான். பெட்டி முழுக்க வாசனை. எதிரில் இருந்தவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். டில்லி அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை.

"மேஸ்திரி, குதிரை ரேஸுக்குக் கோட்டு போட்டுகினுதான் போவணுமாமே? நம்மள உள்ளாற வுடுவானா?"

"உனக்கு ஹெல்மெட் போதும்டா. மூடிக்கினு தின்னு."

சனிக்கிழமை விடியும்போதே மைதானத்துக்குப் போய்விட்டோம். விழா நடத்துகிற கம்பெனியிலிருந்து நந்தினி என்ற பெண் எங்களுக்காக வாசலில் காத்திருந்தாள். அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், கையில் இரண்டு போன், கண்ணில் தூக்கமே இல்லை. கிரேன் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது. நாங்கள் போன வேகத்தில் திரையின் சட்டத்தைக் கட்டினோம், கொக்கியை மாட்டினோம். முதல் தூக்குக்கு எல்லாம் தயார்.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியும். எதைத் தூக்குவதானாலும் முதலில் ஒரு நீள விசில். அடியில் யார் நின்றாலும் விலகு என்று அர்த்தம். துறைமுகத்தில் விசில் இல்லாமல் ஒரு சிமென்ட் மூட்டைகூடத் தரையை விட்டு எழும்பாது. டில்லி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, துறைமுகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு ஊது ஊதினான்.

அங்கே துறைமுகம் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பந்தயக் குதிரைகள் காலைப் பயிற்சிக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சிவப்புக் குதிரை அப்படியே இரண்டு காலில் எழும்பி, மேலே இருந்தவனைப் புல்லில் கொட்டிவிட்டு, எங்கோ பறந்தது. நல்லவேளை, விழுந்தவன் எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டான். குதிரைக்குப் பின்னால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் ஓடினார். அதைப் பிடித்துக் கட்டிவிட்டு, மூச்சு வாங்க எங்களை நோக்கி வந்தார்.

"எவன்டா அது விசிலடிச்ச கஸ்மாலம்? குதிரை இன்னா பஸ்ஸா, நீ விசிலடிச்சா கெளம்புறதுக்கு?"

பெங்களூரில் இந்தப் பேச்சைக் கேட்டதும் டில்லிக்குத் திட்டு வாங்கியதே மறந்துபோய்விட்டது. முகமெல்லாம் பல். "நைனா, நீ எந்த ஏரியா?"

"புளியந்தோப்பு. அதுக்கு இன்னாடா இப்போ?"

கிரேன் கேபினிலிருந்து ரஃபி குதித்து இறங்கிவிட்டான். அப்புறம் கேட்க வேண்டுமா? யார் வீடு எந்தச் சந்து, எந்த பிரியாணிக் கடையை மூடிவிட்டார்கள் என்று கால் மணி நேரம் போனது. அவர் பெயர் காதர். அந்தக் குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, தேய்த்துவிட்டுப் பார்த்துக்கொள்கிற சாயிஸ். குதிரைக்குக் காகிதத்தில் வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயர். காதர் பாய் அதை மல்லி என்றுதான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை மல்லி ஓடுகிறது, போன தடவை கடைசியாக வந்தது என்று சொன்னார். சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது, எனக்கே பாவமாக இருந்தது.

பின்னாலேயே மைதானத்து அதிகாரி ஒருவர் வந்தார். அவர் திட்டவில்லை. ரொம்ப மரியாதையாக, ரொம்ப மெதுவாகச் சொன்னார். இரண்டு நாளைக்கு விசில் கூடாது. கத்தவும் கூடாது. மீறினால் எங்களையும் கிரேனையும் வெளியே அனுப்பிவிடுவார். நான் டில்லியின் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டேன். அவன் தாலியைப் பறிகொடுத்தவன் மாதிரி முழித்தான். விசில் போனதையாவது தாங்கிக்கொள்ளலாம். ராயபுரத்துக்காரனைக் கத்தாதே என்றால் அவன் எப்படி வேலை பார்ப்பான், சொல்லுங்கள்! வாக்கி டாக்கி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் பாண்டு வாத்தியத்துக்கும் ஒலிபெருக்கி வர்ணனைக்கும் நடுவே அதில் கொரகொரவென்று ஒரு சத்தம் வந்ததே தவிர, ஒரு வார்த்தை புரியவில்லை. கைச்சைகைதான் வழி என்று முடிவானது.

அன்று பகல் முழுக்கக் கைச்சைகையிலேயே ஒத்திகை பார்த்தோம். நந்தினி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், இது என்ன டான்ஸா?"

டில்லிக்கு வாய் திறக்க ஒரு சாக்கு கிடைத்தது. "மேடம், இங்க பாருங்க. இது தூக்கு. இது இறக்கு. இந்த ரெண்டும் மேஸ்திரி மட்டுந்தான் காட்டணும். வேற எவன் காட்னாலும் ரஃபி திரும்பிக்கூட பாக்க மாட்டான். ஆனா இது கீது பாருங்க..." இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி வீசிக் காட்டினான். "இது நிறுத்து. இதை யாரு வோணா காட்டலாம். நீங்க காட்டலாம், டீக்காரரு காட்டலாம், ரோட்ல போறவன் காட்டலாம். காட்ன அந்த நிமிசமே நிப்பாட்டிடணும். ஏன் எதுக்குன்றதெல்லாம் அப்பாலதான்."

"குதிரை காட்டினா?"

"அதுக்குக் கை இல்லியே மேடம்."

அவள் சிரித்துக்கொண்டே தானும் ஒரு தடவை கையை விரித்துப் பார்த்தாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அங்கிள், நாளைக்கு எதுவும் சொதப்பாம பாத்துக்கங்க. நான் இன்னும் தற்காலிகம்தான். இந்த நிகழ்ச்சி நல்லா முடிஞ்சா என்னை நிரந்தரம் பண்றேன்னு எங்க பாஸ் சொல்லியிருக்கார். எல்லாம் அந்த வாட்ச் கம்பெனிக்காரர் கையில இருக்கு. பெரிய ரேஸுக்கு முன்னாடி அவர் விளம்பரம் இந்தத் திரையில ஓடணும். அது ஒண்ணுதான் அவர் கேட்டது." நான், "அதெல்லாம் ஜமாய்ச்சுடலாம்மா" என்றேன். வாக்குக் கொடுப்பதில் எனக்கு என்ன செலவு?

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்தது பாருங்கள், கண்கொள்ளாக் காட்சி. தொப்பி என்றால் அப்படி ஒரு தொப்பி. ஒன்றில் மயிலிறகு, ஒன்றில் பிளாஸ்டிக் திராட்சைக் குலை. ஒரு அம்மா தலையில் இருந்ததைப் பார்த்துவிட்டு டில்லி என் காதில், "மேஸ்திரி, அங்க காக்கா கூடு கட்டிகீது, யாரும் அந்தம்மாவாண்ட சொல்ல மாட்டாங்களா?" என்றான். இன்னொரு அம்மா என் மஞ்சள் ஹெல்மெட்டைக் காட்டி, இது எந்தக் கடையில் வாங்கியது என்று இங்கிலீஷில் கேட்டார். திருவொற்றியூர் என்றேன். பெயர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையிலேயே திரையை மேலே ஏற்றிவிட்டு, அதற்கு அடியில் யாரும் வரக் கூடாது என்று நாங்கள் சுற்றிலும் சிவப்பு வெள்ளை டேப் கட்டியிருந்தோம். வாட்ச் கம்பெனிக்காரர் காலையில் வந்தார். கிரீம் நிறக் கோட்டு, கையில் இரண்டு போன். டேப்பைப் பார்த்து முகம் சுளித்தார். போட்டோவில் கலீஜாகத் தெரிகிறதாம். அரை மணி நேரத்தில் டேப் போய், அதே கம்பங்களில் வெள்ளைப் பட்டு ரிப்பனும் ரோஜாப்பூவும் வந்துவிட்டன. பட்டோ பூவோ, எல்லை என்று ஒன்று இருக்கிறதே என்று நான் விட்டுவிட்டேன்.

பட்டு ரிப்பன் கட்டினால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? உள்ளே விஐபிக்கள் நிற்கிற இடம் என்று நினைப்பார்கள். அரை மணி நேரத்தில் பத்துப் பேர், இருபது பேர் என்று ரிப்பனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, திரைக்கு நேர் அடியில் நின்று செல்ஃபி எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். டில்லி கும்பிட்டுக் கும்பிட்டு வெளியே அனுப்புவான். ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வருவார்கள். பேஜாரு பிடித்த வேலை.

மத்தியானத்துக்கு மேல் காற்று கிளம்பியது. திரை என்பது ஒரு பெரிய பலகை. காற்று வந்தால் அது பாய் விரித்த படகு மாதிரிதான். கேபினில் ரஃபியிடம் காற்று மீட்டர் உண்டு. அவன் என்னைப் பார்த்துக் கையால் காட்டினான். அளவு தாண்டிவிட்டது. நான் அண்ணாந்து பார்த்தேன். திரை மெல்லத் தலையாட்ட ஆரம்பித்திருந்தது. அடியில் ஒரு குடும்பமே நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது.

நந்தினியைத் தேடிப் பிடித்தேன். "எறக்கணும்மா."

"எப்போ அங்கிள்?"

"இப்போ."

அவள் போனில் மணி பார்த்தாள். "இப்போ ஒரு சின்ன ரேஸ் ஓடப்போகுது. அது முடிஞ்சதும் பெரிய ரேஸ்தான். அதுவரைக்கும் மட்டும் தாங்காதா?"

"காத்து ரேஸ் பாத்துட்டு வராதும்மா."

"விழுந்துடுமா?"

இங்கேதான் கவனியுங்கள். அவளுக்கு நான் "விழும்" என்று சொல்லியிருக்கலாம். வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் விழுமா என்று எனக்கே தெரியாது. "விழாமலும் போகலாம்மா" என்றேன். "ஆனா மீட்டர் சொல்றதுக்கு மேல காத்து அடிச்சா, ஆளுங்க தலைக்கு மேல நான் எதையும் தொங்க விட மாட்டேன். உங்க பாஸ் கேட்டா மேஸ்திரி பிடிவாதம் பிடிச்சான்னு சொல்லிடு."

"நீங்க 'விழும்'னு சொல்லியிருந்தா எனக்கு ஈஸியா இருந்திருக்கும் அங்கிள்."

அந்த நேரம் பார்த்து வாட்ச் கம்பெனிக்காரர் வந்துவிட்டார். திரையை இறக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் அவளை நிற்க வைத்து இங்கிலீஷில் வாங்கு வாங்கென்று வாங்கினார். பெரிய பந்தயத்தின்போது திரை மேலே இல்லை என்றால் உன் பாஸிடம் பேசிக்கொள்கிறேன் என்பதுதான் சாரம். எனக்கு ரத்தம் கொதித்தது. கத்தக் கூடாதே! அவள் அவர் பேசி முடிக்கும்வரை கேட்டாள். ஒரு தடவை திரையைப் பார்த்தாள், அடியில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு நேராகப் போய் மைக்கைக் கையில் எடுத்தாள்.

கூட்டத்தைக் கலைக்க விசில் கிடையாது, கத்தல் கிடையாது. ஓடுங்கள் என்று சொன்னால் மிதிபடுவார்கள். அந்தப் பெண் தேன் மாதிரிக் குரலில் என்ன அறிவித்தாள் தெரியுமா? அழகான தொப்பிக்கான சிறப்புப் படம் இப்போது நீரூற்றுக்குப் பக்கத்தில் எடுக்கப்படுகிறது, தொப்பி அணிந்தவர்கள் அனைவரும் உடனே வரவும் என்றாள். அப்படி ஒரு படமே நிகழ்ச்சியில் கிடையாது. போலீஸ் தடியைத் தூக்கினால்கூட ஒரு கூட்டம் அவ்வளவு வேகமாகக் கலைந்து நான் பார்த்ததில்லை. மயிலிறகு, திராட்சை, காக்கா கூடு எல்லாம் நீரூற்றுப் பக்கம் பறந்தன. மனைவிகள் போனதும் கணவன்மார்களும் பின்னாலேயே போனார்கள். நிமிஷத்தில் இடம் காலி.

நான் கிரேன் பக்கம் நின்று ரஃபிக்குச் சைகை காட்டினேன். மெதுவாக இறக்கு. திரையின் இரண்டு ஓரத்திலும் கயிறு கட்டி, ஒரு கயிற்றை டில்லியும் மறு கயிற்றை உள்ளூர் ஆட்களும் பிடித்துக்கொண்டார்கள். அடியில் மரக்கட்டைகள் போட்டிருந்தோம். மைதானத்து அதிகாரி என் பக்கத்திலேயே நின்றார், சனிக்கிழமையிலிருந்து அவருக்கு என் வாய் மேல் ஒரு கண். இதற்குள் அந்தச் சின்னப் பந்தயம் ஆரம்பித்து, குதிரைகள் கடைசித் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தன. கூட்டம் ஹோவென்று இரைந்தது.

திரை பாதி வழியில் சட்டென்று நின்றது.

காற்றில் ஒரு சாமானை இறக்கும்போது நடுவில் நிறுத்தினால் அது ஆடும். திரை ஆடிய ஆட்டத்தில் டில்லியைக் கயிறு இரண்டடி இழுத்துக்கொண்டு போனது. எதற்கு நிறுத்தினான் என்று ரஃபி பார்த்த திசையில் பார்த்தேன். ஓரத்து வேலியில் காதர் பாய் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் விரித்து வீசு வீசென்று வீசிக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. மல்லி முன்னே வருகிறது, அந்தச் சந்தோஷத்தில் ஆடுகிறார்!

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். ரஃபியின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேச வாயைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் அதிகாரி உதட்டில் விரலை வைத்தார். என்ன செய்வேன்? சட்டைப் பையில் கைவிட்டு டில்லியின் விசிலை எடுத்துப் பல்லுக்கு நடுவே கடித்துக்கொண்டேன். ஊதவும் முடியாது, பேசவும் முடியாது. கையால் திட்டலாம் என்றால் நம் கைச்சைகையில் திட்டுவதற்கு ஒரு சைகை இல்லை. தூக்கு, இறக்கு, திரும்பு, நிறுத்து, அவ்வளவுதான். என்னிடம் இருந்த ஒரே சைகையைக் காட்டினேன். மெதுவாக இறக்கு. ரஃபி தலையாட்டிவிட்டு மறுபடி இறக்கினான்.

திரை இடுப்பு உயரத்துக்கு இறங்கிவிட்டது. எனக்கு எதிரே இரும்புச் சுவர் மாதிரி நின்றது, அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம்தான், கட்டையில் உட்கார்ந்துவிடும். என் விரல் இறக்கு, இறக்கு என்று சுற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று திரையின் வலது ஓரத்தில் நந்தினி ஓடி வந்து நின்றாள். இரண்டு கைகளையும் முழுக்க நீட்டி வீசினாள்.

ரஃபிக்கு இப்போது இரண்டு சைகை. மேஸ்திரி இறக்கு என்கிறான். ஒரு பெண் நிறுத்து என்கிறாள். சற்று முன்னால்தான் ஒருவர் குதிரைக்குக் கையாட்டியதை நம்பி ஏமாந்திருக்கிறான். கூட்டம் இன்னும் ஆரவாரத்தில் இருக்கிறது.

திரை நின்றது. அந்த இடத்திலேயே நின்றது.

நான் சுற்றிக்கொண்டு ஓடிப் பார்த்தேன். கட்டைகளுக்கு நடுவே, திரைக்கு நேர் அடியில், கிரீம் நிறக் கோட்டு. வாட்ச் கம்பெனிக்காரர் குனிந்து, தவழ்ந்து, காற்றில் பறந்துவந்த தன் மனைவியின் மயிலிறகுத் தொப்பியைத் துழாவிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்கும் இரண்டு டன்னுக்கும் இடையே ஒரு சாண் இருந்திருக்கும். டில்லி அவர் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டான்.

அவர் எழுந்து தொப்பியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினார். அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னும் இறக்கி முடிக்கலையா? இந்த வேகத்துல வேலை செஞ்சா உருப்பட்ட மாதிரிதான்" என்று எங்களைத் திட்டிவிட்டு, கோட்டைச் சரிசெய்துகொண்டு போனார். டில்லி அவர் பின்னாலேயே இரண்டு எட்டு வைத்தான். நந்தினி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

திரையைக் கட்டையில் உட்கார வைத்தோம். பெரிய பந்தயத்தின்போது அது தரையில்தான் இருந்தது. முன்வரிசையில் சில குழந்தைகள் மட்டும் அதன் எதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். விளம்பரம் ஓடியது, அவர்கள்தான் பார்த்தார்கள்.

சாயந்தரம் லாயத்துக்குப் பின்னால் காதர் பாய் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மல்லி நாலாவதாக வந்திருந்தது. "நாலாவதுக்கா பாய் அந்த ஆட்டம்?" என்றேன். "மாமு, போன தபா கடைசிடா! நாலாவதுன்னா சும்மாவா?" என்றார். கண்ணில் தண்ணீர்.

ரஃபி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "மேஸ்திரி, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. மொதல் தபா நான் தப்பா நிப்பாட்டினப்போ நீங்க வயக்கமா திட்றாமாதிரி திட்டியிருந்தீங்கன்னு வெச்சிக்கங்க, ரெண்டாவது தபா அந்தப் பொண்ணு கை காட்டும்போது, இவளும் குதிரைக்குத்தான் ஆட்றாளோன்னு யோசிச்சிருப்பேன். நீங்க ஒண்ணுமே சொல்லல. சரி, மேஸ்திரி நம்ம பக்கம் கீறாருன்னு தெம்பா இருந்தேன்."

யோசிப்பதற்கு அவனுக்கு ஒரு நொடி பிடித்திருக்கும். அந்த ஒரு நொடி அங்கே இல்லை. நான் ஏதோ பக்குவத்தில் வாயை மூடினேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவனுக்கு மேஸ்திரியாக இருந்த அத்தனை வருஷமும் அவனைத் திட்டியே வேலை வாங்கியிருக்கிறேன். அன்று ஒரு நாள்தான் வாயில் விசில் இருந்தது. இன்னொரு டீ சொன்னேன்.

நந்தினியின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாங்கள் ஊர் திரும்பிய சில நாளில் அவளே போன் செய்தாள். வாட்ச் கம்பெனிக்காரர் புகார் எழுதிவிட்டார். பெரிய பந்தயத்தில் திரை மேலே இல்லை, இல்லாத போட்டோ போட்டியை அறிவித்து விருந்தாளிகளை அலைய விட்டாள் என்று. அவளை நிரந்தரமாக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அந்த ஆள் நம்பரைக் குடும்மா" என்று கத்தினேன். என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "அவன் முதுகு இன்னிக்கு நேரா இருக்குறது யாரால்னு நான் சொல்றேன்!"

"வேணாம் அங்கிள். சொன்னா பாவம், இனிமே பொண்டாட்டி தொப்பி பறந்தாக்கூட எடுக்கப் போக மாட்டார்." சிரிக்கத்தான் பார்த்தாள். நடுவில் குரல் உடைந்துவிட்டது. பிறகு அவள் கேட்டாள். "அங்கிள், நான் தனியா சின்னதா விழா எடுத்து நடத்தினா, உங்க ஆளுங்க வருவாங்களா?"

வராமல் என்ன? கல்யாண மண்டப வாசலுக்கு அலங்கார வளைவு தூக்குவதில் ஆரம்பித்தாள். ரஃபியும் டில்லியும்தான் போவார்கள். இப்போது பெரிய ஆளாகிவிட்டாள். நீங்கள் சனிக்கிழமை போகிறீர்களே, அதே மைதானம், அதே தொப்பிகள், அந்த வேலையை எடுத்து நடத்துவது யார் என்று முதலாளி சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். நந்தினிதான். அவள் நடத்துகிற விழாவில் ரிப்பனும் கிடையாது, ரோஜாவும் கிடையாது. சிவப்பு வெள்ளை டேப்தான். போட்டோவில் கலீஜாகத்தான் தெரியும். யாராவது முகம் சுளித்தால் அவளே பேசிக்கொள்வாள், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

கிரேன் ஓட்டப் போகிறவர்களே, அங்கே யார் இரண்டு கையையும் விரித்தாலும் நிறுத்துங்கள். குதிரைக்காக ஆடுகிறாரா, கொசு விரட்டுகிறாரா, அதெல்லாம் அப்பாலதான். இனி மேஸ்திரி ஆகப் போகிறவர்களுக்கு ஒன்று. உங்கள் ஆள் தப்பாக நிறுத்திவிடுவான், சாமான் ஆடும், உங்களுக்கு வாய் துறுதுறுக்கும். இந்தாருங்கள், டில்லியின் விசில். நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை, அவனும் கேட்கவில்லை. ஒரு வேலைக்கு ஒருவர் என்று கைமாற்றிக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் பல்லில் கடித்துக்கொள்ளுங்கள். ஊதிவிடாதீர்கள், மல்லியின் குட்டி இந்த வாரம் ஓடுகிறதாம்.